கிளாரி ஹாட்ஜெட்ஸ் போட்ட பெஞ்ச்

அருவிக்கு நடக்க எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் கிளாரி ஹாட்ஜெட்ஸிடம் ஒரே பதில்தான்: "இருபது நிமிஷம். சமதரை." இரண்டும் பொய். வழியில் மூச்சிரைக்கும் ஏற்றம் உண்டு, சேறு உண்டு, வெயில் காலத்தில் பாம்பும் உண்டு. ஆனால் டாஸ்மேனியாவின் இந்தக் கரையில் ஒரு காரியம் கஷ்டம் என்று ஒப்புக்கொள்வது, ஊரார் முன்னால் கால்சட்டை அவிழ்ந்து விழுவதற்குச் சமம்.

கிளாரி கல் இறால் பிடிக்கும் படகில் உழைத்து ஓய்ந்தவர். மனைவி நான்ஸ் போய்ச்சேர்ந்த பிறகு, டப்பா பீன்ஸையும் தன் அபிப்பிராயங்களையும் தின்று உயிர் வாழ்ந்தார். போன குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. வாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் ராபின் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து காரில் வந்து, முதியோர் இல்லத்தின் வண்ணப் படங்களைச் சமையலறை மேசையில் பரப்பினாள்.

"அருவி வரைக்கும் தனியா நடந்து போயிட்டுத் திரும்பி வரேன். வந்துட்டா இந்தப் படத்தையெல்லாம் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பு," என்றார் கிளாரி.

"வர முடியலைன்னா?"

"நீ சொல்ற ரூம்ல போய் உக்காந்து பிங்கோ ஆடறேன். போதுமா?"

பக்கத்து வீட்டு வெர்லி முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரப்பர் முனை வைத்த கைத்தடி ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"தடியா? அதெல்லாம் கிழவங்களுக்கு," என்றார் கிளாரி. அவருக்கு எண்பத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பர் செருப்போடு கிளம்பினார். பூட்ஸ் போட்டால் பாதைக்குப் பயந்ததாகிவிடும். பாதை தொடங்கும் வண்டி நிறுத்துமிடத்தில் ராபின் காருக்குள் இருந்தாள். வெர்லி தன் நாயை நடத்திக்கொண்டு போக வந்திருந்தாளாம். அந்த நாய் அவ்வளவு தூரம் நடந்து யாரும் பார்த்ததில்லை.

கிளாரி அருவியை அடைந்துவிட்டார், அதை மறைக்க வேண்டாம். புதருக்குள்ளிருந்து தேநீர் நிறத்தில் வரும் ஓடை, பாறை விளிம்பைத் தாண்டி நேராகக் கடலில் விழும். தெற்குக் காற்று அடித்தால் விழாது. காற்று அதை அப்படியே தூக்கி, பார்க்க வந்தவர் முகத்தில் வீசும். அன்று தெற்குக் காற்று. திரும்பும் முன் சற்று இளைப்பாறலாம் என்று கிளாரி பெஞ்சில் உட்கார்ந்தார். நான்ஸின் நினைவாக அவரே அடித்துப் போட்ட பெஞ்ச் அது. ரொம்பத் தாழ்வு. நான்ஸ் குள்ளம் என்று காரணம் சொல்வார். உண்மையில் காலுக்கு மரம் போதவில்லை.

எழப் பார்த்தார். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நின்றது. கையை ஊன்றித் தள்ளினார். பெஞ்ச் கிறீச்சிட்டது, உடம்பு மட்டும் அசையவில்லை.

மழைக்கோட்டு போட்ட ஒரு தம்பதி வந்தார்கள். "நல்லாயிருக்கீங்களா ஐயா?"

"ஜோரா இருக்கேன். கடலைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

கடல் எங்கே தெரிந்தது? முகம் முழுக்க அருவி.

"திரும்பிப் போக எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம். சமதரை."

அவர்கள் போனார்கள். பிறகு ஓட்டப் பயிற்சிக்காரன் ஒருவன் நின்று கையை நீட்டினான். "ஒண்ணும் பிரச்சனையில்ல தம்பி," என்று அவனையும் அனுப்பிவைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பல் தந்தியடித்தது. பிங்கோ அறை கண்முன் வந்தது. அதைவிட மோசமாக, சொந்த பெஞ்சிலேயே விறைத்துக் கிடந்தால் மதுக்கடையில் எத்தனை வருடம் சிரிப்பார்கள் என்பதும் வந்தது.

நாயோடு வெர்லி வந்தாள்.

"என்னப்பா கிளாரி, காட்சி எப்படி?"

"நாயை இழுத்துக்கிட்டுப் போ தாயே."

"போறேன். ராபின்கிட்ட என்ன சொல்ல?"

அவர் செருப்பைப் பார்த்தார். "எந்திரிக்க முடியலை."

"காத்துல கேக்கலை."

"எந்திரிக்க முடியலைன்னு சொன்னேன்! போதுமா?"

வெர்லி கையைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் இரண்டு பேரும் விழுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "பின்பக்கத்தை விளிம்புக்குக் கொண்டா. பாதத்தைப் பின்னால இழு. இப்பக் குனி. மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும். இன்னும் குனிப்பா, உன் கிரீடம் ஒண்ணும் விழுந்துடாது. தள்ளு!"

எழுந்துவிட்டார். நன்றி சொல்லவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் ராபின் இறங்கி வந்தாள். "தனியாவாப்பா போயிட்டு வந்தே?"

வெர்லி நாயைப் பார்த்தாள். கிளாரி வெர்லியைப் பார்த்தார். அவள் அவருக்காகப் பொய் சொல்லப் போவதில்லை.

"நடந்தது தனியாத்தான். எந்திரிச்சதுதான் தனியா இல்லை," என்றார். "ஆனா பேச்சு நடக்கறதைப் பத்தித்தான். எந்திரிக்கிறதைப் பத்தி நாம பேசவே இல்லையே?"

ராபின் நனைந்த சட்டையைப் பார்த்தாள். "வீட்டு டாய்லெட்டுல எப்படிப்பா எந்திரிக்கிறே?"

"வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு."

"அதான் அது சுவத்தைவிட்டுத் தொங்குதா? அதைப் பிடிச்சுத்தான் விழுந்தியா?"

கிளாரி மறுக்காமல் தலையாட்டினார். ஊரில் அது புதுச் செய்தி.

படங்கள் ராபினின் பைக்குள் திரும்பிப் போயின. கிழித்துப் போடவில்லை, பத்திரமாக இருக்கின்றன. வீட்டில் கைப்பிடிகளும் உயரமான டாய்லெட் இருக்கையும் வந்தன. தினமும் காலையில் வெர்லி வந்து எட்டிப்பார்க்கிறாள். கைப்பிடியெல்லாம் விருந்தாளிகளுக்காக என்கிறார் கிளாரி. விருந்தாளி என்று வருவது வெர்லி மட்டும்தான்.

பிறகு ஒருநாள் பெஞ்சை உயர்த்த மரக்கட்டைகளோடு கிளம்பினார்கள். கட்டைகளைச் சுமந்தது வெர்லி. என்ன விஷயம் என்று வழியில் ஒருவர் கேட்டார்.

"டூரிஸ்ட்டுங்க தொல்லை தாங்கலை. வயசுப் பசங்களுக்கே எந்திரிக்க முடியலையாம்," என்றார் கிளாரி.

அவரது ஒரு கையில் சுத்தியல் இருந்தது. மறுகையில் இருந்தது தடியில்லையாம், பெஞ்சின் உயரம் பார்க்க அளவுகோலாம். ரப்பர் முனை வைத்த அளவுகோல்.