அம்மா கேட்ட இங்கிலீஷ்

அம்மா விசிட் விசாவில் ஷார்ஜா வந்தபோது கடலையோ கட்டிடங்களையோ பார்க்க ஆசைப்படவில்லை. "நீ இங்கிலீஷு பேசறத ஒருதடவ என் காதால கேக்கணும் தம்பி" என்றாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, தோல் உரிந்து கறுத்துப்போன விரல்கள் அவளுடையவை. அந்தக் கூலியில்தான் என்னைப் பாலிடெக்னிக் வரை அனுப்பினாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் மார்க்கை மற்றவர்கள் படித்துச் சொல்லக் கேட்டிருக்கிறாளே தவிர, அந்தப் படிப்பு வேலை செய்வதை அவள் கண்ணால் கண்டதில்லை.

நான் வரைபடம் போடும் ஆபீசுக்கு அவளைக் கூட்டிப்போக முடியாது. போனாலும் அங்கே பேச்செல்லாம் இந்திதான். ஃபோர்மேனிடம் "அச்சா பாய்" என்று சொல்வதில் அவளுக்கு என்ன பெருமை? அதனால் அடுத்த தெருவில் இருந்த இத்தாலிக்காரி பேக்கரியைத் தேர்ந்தெடுத்தேன். கல்லாவில் நிற்பவள் அசல் வெள்ளைக்காரி. சம்பளம் வந்தால் அங்கே போய் விரலால் காட்டி ஒரு கிரீம் பன் வாங்குவேன். வாய் திறந்து பேசியதே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு லீவு வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை அம்மா கவிச்சி தொடமாட்டாள். முட்டையும் அதில் சேர்த்தி.

"எதுல முட்ட இல்லன்னு கேளு" என்றாள், பேக்கரிக்குள் நுழைந்ததும். கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த பலகாரங்களை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எக்ஸ்கியூஸ் மீ மேடம், மே ஐ நோ விச் ஐட்டம் இஸ் வித்தவுட் யெக்?"

"யெக்?" இத்தாலிக்காரி தட்டு தட்டாகத் தேடிப் பார்த்தாள். "யெக் நோ. ஃபினிஷ். மேபி டுமாரோ."

யெக் என்று ஏதோ ஒரு பலகாரம் கேட்கிறேன் என நினைத்துவிட்டாள்! நம் ஊர் நாக்கு 'எக்'குக்கு முன்னால் ஒட்டவைக்கிற 'ய' செய்த வேலை. திருத்திச் சொன்னேன், மறுபடியும் யெக் என்றுதான் வந்தது. அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் காதெல்லாம் சுட்டது.

சட்டைப்பைப் பேனாவை எடுத்து, டிஷ்யூ பேப்பரில் முட்டை வரைந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல கூட நீ முட்ட வாங்குனதில்லியே, இங்க வந்து போடுற?"

"ஸீரோ?" என்றாள் கடைக்காரி. பிறகு அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்து, "ஸீரோ சுகர்? மம்மா, சுகர் ப்ராப்ளம்?"

"என்னடா சொல்றா?"

"இரும்மா."

கட்டிடமும் கால்வாயும் வரைந்து பழகிய கை. கோழி வரைந்ததில்லை. ஆனாலும் முட்டைக்குப் பின்னால் கொண்டை வைத்து, அலகு வைத்து, ஒரு கோழியை நிற்க வைத்தேன். முட்டையின் மேல் பெருக்கல் குறி போட்டேன்.

"ஆ! உவோவோ!" கடைக்காரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முட்டைக்கு அவள் பாஷையில் அதுதான் பேர் போல. கீழ்த் தட்டிலிருந்து சர்க்கரை தூவிய, வளையல் போன்ற பிஸ்கட்டுகளை எடுத்தாள். "நோ உவோவோ" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். கல்லாவை விட்டு வெளியே வந்து அம்மாவுக்கு அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அம்மா ஒன்றைக் கடித்தாள். "சோம்பு போட்டிருக்கா. நல்லாத்தான் இருக்கு."

"நான் பேசுனது அவங்களுக்குப் புரியலம்மா" என்றேன்.

"பாத்தனே. பாவம், அவ அவ்வளவா படிக்கல போலருக்கு." சர்க்கரைத் துகளை முந்தானையால் துடைத்தாள். "அதுக்காவ நீ உட்டுடலியே. வாத்தியாரு மாதிரி படம் போட்டுப் புரிய வச்சிட்ட."

தப்பு என் நாக்கில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவோ நாற்காலியில் முதுகு நிமிர்ந்து சாய்ந்து, அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, கல்லாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"போயி இன்னும் ஏதாச்சும் கேளேன்" என்றாள்.

என்ன கேட்பது என்று தெரியாமலேயே எழுந்து போனேன்.