ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னவர்

சிலாபத்தில் ஏறிய பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு வங்கிக் காவலாளி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாராம். சீருடை கசங்கியிருந்தாலும் காலில் சப்பாத்து பளபளத்தது. பஸ்ஸில் யார் ஏறினாலும் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

பஸ் டீவியில் படம் ஓடியது. வீட்டோடு கோபித்துக்கொண்டு கெட்டுப்போன மூன்று பொடியன்கள் ஹெல்மெட்டோடு வங்கிக்குள் நுழைந்தார்கள். படத்துக் காவலாளி பேசாமல் கதவைத் திறந்துவிட்டான். இவருக்குப் பொறுக்கவில்லை; டீவியைப் பார்த்துக் கத்தினார்.

"மகன், ஹெல்மெட்டக் கழட்டுங்க!"

பைக் பழுதாகி, ஹெல்மெட்டோடேயே பஸ்ஸில் ஏறி நின்ற ஒருவர் பதறிக் கழற்றினார்.

"படம்தானே" என்றேன்.

"படமெண்டா? முகத்தக் கண்டா, 'நீ யாருட மகன்? வாப்பா சுகமா?' எண்டு கேப்பன். களவெடுக்க வந்தவனுக்கும் வெக்கமாப் போயிரும். திரும்பிப் போயிருவான்."

"அப்படி யாராவது போயிருக்கிறார்களா?"

"ஓம், ஒருத்தன் போனான். இப்ப அவன்தான் எங்கட மருமகன்."

நான் நம்பவில்லை. நல்லாக் கதை விடுகிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

மதுரங்குளியில் அவரைக் கூட்டிப்போக ஓர் இளைஞன் பைக்கில் காத்திருந்தான். இவர் படியில் கால் வைத்ததுதான் தாமதம், அவன் அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.