பக்கத்து வீட்டில் பொங்கிய பால்

எங்கள் வீட்டுப் பால் முதன்முதலில் பொங்கியது எங்கள் வீட்டில் அல்ல. அதற்குக் காரணம் மாமாதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். கட்டடத்துக்கு இரண்டு பக்கமும் படி வைத்தவன்தான் காரணம் என்று மாமா இன்றைக்கும் சொல்வார்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கி, நேரே போய் ரயில் பாதையில் முட்டி நிற்கிற லேன் எங்களுடையது. பாதைக்கு அப்பால் கடல். எனக்கு நினைவு தெரிந்தபோது அங்கே இருந்தவை எல்லாம் ஓட்டு வீடுகள். முற்றத்தில் ஓர் ஈரப்பலா மரமும் கேற்றடியில் ஒரு சோம்பேறி நாயும் இல்லாத வீடு இல்லை. வடக்கிலிருந்து சனம் வந்து சேரச் சேர அந்த வீடுகள் பிதுங்கத் தொடங்கின. கராஜ் அறையானது, அறை வீடானது, கோழிக்கூடு இருந்த இடத்தில்கூட ஒருவர் அனெக்ஸ் கட்டி வாடகைக்கு விட்டார். பக்கவாட்டில் இனி இடமே இல்லை என்றான பிறகுதான் எங்கள் லேன் மேலே பார்க்கத் தொடங்கியது.

நாங்களும் அப்படி வந்து பிதுங்கியவர்கள்தான். எனக்கு ஒன்பது வயதாவதற்குள் அக்கம்பக்கத்து லேன்களில் ஆறு அனெக்ஸ் மாறியிருந்தோம். ஒன்றில் மீன் பொரிக்கக்கூடாது. இன்னொன்றில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் சாமிப்படங்கள் எல்லாம் நிலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆறில் ஒன்றிலும் அம்மா ஒழுங்காகப் பால் காய்ச்சவில்லை. குடிபுகுகிற வீட்டில் முதல் முதலாகப் பால் பொங்கி அடுப்பில் வழியவேண்டும். ஆனால் தன் குசினி அடுப்பில் இன்னொருத்தி பாலைக் கொட்ட எந்த வீட்டுக்காரி விடுவாள்? அதனால்தான் ஓரிடத்திலும் கால் நிலைக்கவில்லை என்பது அம்மாவின் திடமான முடிவு.

அப்பா கப்பலில் வேலை செய்தார். அவர் அனுப்பியதைச் சேர்த்துச் சேர்த்து, லேனின் முதல் பிளாட்ஸில் அம்மா ஒரு வீடு வாங்கினார். லேனின் கடல்முனைக்குச் சற்று முன்னால் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பழைய பெரிய வீடு இருந்தது. அதை உடைத்துத்தான் பிளாட்ஸ் எழும்பியது. நிலத்துக்குப் பதிலாக அவர்களுக்கும் அதில் ஒரு வீடு என்று பேச்சு. கட்டி முடியும் வரை அவர்கள் கொம்பனித்தெருவில் சொந்தக்காரரோடு இருந்தார்கள். நாங்கள் அவர்களை நேரில் கண்டதில்லை.

கட்டட வேலையைப் பார்த்து வருவது மாமாவின் பொறுப்பு. அவர் எப்போதும் கடல்பக்கத்தில், வேலையாட்கள் ஏறுகிற பின்படியால்தான் ஏறுவார். "மூண்டாம் மாடி, இடக்கைப் பக்கம்" என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வார். குடிபுகும் நாளன்று மாமா புதுச் சேட் போட்டிருந்தார். பின்படியில் சீமெந்துத் தூசி. அதனால் புதிதாகத் திறந்துவிட்ட முன்படியால் எங்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாம் மாடியில் வழக்கம்போல் இடக்கைப் பக்கம் திரும்பினார். மறுபக்கத்தால் ஏறினால் கையும் மாறும் என்பது புதுச் சேட் போட்ட மனிதருக்குத் தோன்றவில்லை. கதவுகளுக்கு இலக்கம் போட்டிருக்கவில்லை. பெயின்ற் காயட்டும் என்று காவலுக்கிருந்த வாட்சர் எல்லாவற்றையும் அகலத் திறந்து விட்டிருந்தார்.

ஐயர் குறித்துத் தந்த நேரம் காலை ஏழேகாலிலிருந்து எட்டு மணி வரை. எட்டு தாண்டினால் சரியில்லை என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா கோலம் போட்டு, மாவிலை கட்டி, படங்களை வைத்து, எண்ணெய் அடுப்பில் பால் பானையை ஏற்றினார். அப்போதுதான் குசினிச் சுவரைப் பார்த்தார்.

"தம்பி, நான் நீல ரைல்ஸ் எல்லோ சொன்னனான்?"

"நீலந்தான் அக்கா. வெளிச்சம் காணாது, அதான் பச்சையாத் தெரியுது."

"எனக்கு நிறம் தெரியாதெண்டு நினைச்சியோ? நாளைக்கு அந்தக் கொந்தராத்துக்காரனைக் கூட்டிக்கொண்டு வா, நான் கதைக்கிறன்."

பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினோம். லிஃப்ற் வரவேண்டிய இடத்தில் அப்போது பலகைதான் அடித்திருந்தார்கள், எல்லாருக்கும் படிதான். முக்காடு போட்ட ஓர் அம்மா பச்சைத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பின்னால் அவருடைய கணவர், இரண்டு கையிலும் பை, கக்கத்தில் சுருட்டிய புதுப் பாய். இருவரும் எங்கள் கோலத்தையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது எங்கட ஊடு" என்றார் அந்த மனிதர், தான்தான் ஏதோ பிழை செய்துவிட்டவர்போல் மெதுவாக.

மாமா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எது இடது என்று அப்போதுதான் யோசித்தார் போலும். அம்மாவுக்குப் பச்சை ரைல்ஸின் பொருள் விளங்கிவிட்டது. உடனே பானையை இறக்கத் துணியைத் தேடினார்.

"அல்லாவே, எறக்க வாணாம்!" என்று வாசலில் நின்றபடியே அந்த அம்மா கத்தினார். "ஏத்தின பால எறக்கப்படாது. பொங்கட்டும் புள்ள."

"இல்லை அக்கா, உங்கட வீடெல்லோ..."

"அதனால என்ன? பொங்கட்டும். நான் இஞ்சயே நிக்கிறன்."

அவர் உள்ளே வரவில்லை. மூன்று மாடி ஏறிய களைப்பாக்கும் என்று நினைத்தேன். எங்களிடம் இருந்த ஒரே பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே வைத்து, "இருங்கோ மாமி" என்றேன். பிறகு, அவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறாரே, முஸ்லிம் வீடுகளில் செய்கிற இனிப்பாக இருக்கும் என்று பொட்டலத்தைக் காட்டி, "வட்டிலப்பமோ?" என்றும் கேட்டேன். மாமி குலுங்கிச் சிரித்தார். "அதும் வரும் புள்ள" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

பால் பொங்கியது. ஐயரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததுபோல், கிழக்குப் பக்கமாக, நுரையும் பூவுமாக வழிந்தது. அப்படிப் பொங்கிய பாலை நான் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் காணவில்லை. அம்மா கும்பிடுவதா, தலையில் கை வைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

எட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. படங்களை நான் தூக்க, அடுப்பை மாமா தூக்க, எதிர் வீட்டுக்கு ஓடினோம். குசினி நீலம்! அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். அடுத்த கணம் ஞாபகம் வந்தது, பால் இல்லை. கொண்டுவந்ததெல்லாம் பொங்கி வழிந்தது போக, பானையின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். காலி வீதிக் கடைக்குப் போய் வருவதற்குள் எட்டு அடித்துவிடும். அம்மா குசினியின் நடுவில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "ஏழாவது தரமும் இப்பிடியோ" என்று அழத் தொடங்கினார்.

நான் மாமியைத் தேடி ஓடினேன். அவர் அப்போதுதான் தன் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். வலது காலை முதலில் வைத்து, உதடு அசைய, மெல்ல மெல்ல நடந்தார். சிந்திய பாலில் வழுக்கும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். பொட்டலத்தை மேல் தட்டில் வைத்துவிட்டு, நான் சொன்னதைக் கேட்டதும் பையைக் கிளறி ஒரு பால்மா பக்கெற்றோடு வந்தார்.

"பால்மா பொங்குமோ அக்கா?"

"பொங்காம எங்க போற? எழும்புங்க, தண்ணிய வைங்க."

எங்கள் குசினி யன்னலுக்கு மட்டும் கண்ணாடி போட மறந்திருந்தார்கள். கடற்காற்று நேரே வந்து அடுப்பை ஊதியது. மாமியின் கணவர் தன் புதுப் பாயை விரித்தார். ஒரு தலைப்பை அவரும் மறு தலைப்பை மாமாவும் பிடித்து யன்னலை மறைத்து நின்றார்கள். கீழே ரயில் போனது. கட்டடம் அதிர்ந்தது, பால் அதிர்ந்தது, பொங்கவில்லை. மாமா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பாய் சரிந்தது. "நீ பாலைப் பாக்க வேண்டாம், பாயைப் பிடி!" என்று அம்மா அழுகையோடு அழுகையாகக் கத்தினார். எட்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது, ஒரு பக்கத்தால் மட்டும், மனமில்லாததுபோல் நுரை ஏறி, ஒரு கோடாக வழிந்தது.

"பொங்கிட்டு!" என்று முதலில் கூவியவர் மாமிதான். அவர் அம்மாவைக் கட்டிப்பிடிக்க, மாமா பாயை விட்டுவிட்டுக் கைதட்ட, காற்று வந்து அடுப்பை அணைத்தது. இரண்டு வீட்டுப் பாலையும் ஒன்றாக்கிச் சீனி போட்டு எல்லாரும் குடித்தோம். மத்தியானம் வட்டிலப்பமும் வந்தது.

அதன் பிறகு நாங்களும் வீடு மாறவில்லை, அவர்களும் மாறவில்லை. மாமியின் மகன் பரீட்சையில் பாஸானால், "எங்கட பாலெல்லோ" என்பார் அம்மா. எங்கள் குழாயில் தண்ணீர் வராவிட்டால், "பால்மாதானே" என்பார் மாமி. லேனில் இப்போது ஓட்டு வீடு ஒன்றுமில்லை. முன்னால் எழும்பிய கட்டடங்களுக்கு இடையில் சேலைக்கரை அகலத்துக்குக் கடல் தெரிகிறது, அதுவும் யன்னலால் தலையை நீட்டினால்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது அவர்களுடைய திருமறை என்பதை அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். உடைக்கப்போன வீட்டிலிருந்து மாமி கடைசியாக எடுத்து வந்தது அதுதான். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியதும் அதுதான். அதற்கு முன்னால் எங்கள் அடுப்பும் பானையும் பிள்ளையாரும் மாமாவின் புதுச் சேட்டும் போயிருந்தன. அந்த நிலத்துக்கு மணப்பெண்ணாக வந்து, முப்பது வருடம் வந்தவர்களையெல்லாம் "வாங்க, இருங்க" என்று உபசரித்தவரை, நான் வாசலுக்கு வெளியே இருத்தியிருக்கிறேன்.

கல்யாண வீடுகளில் யாருக்காவது என்னை அறிமுகப்படுத்தும்போது மாமி இன்றைக்கும் ஒன்றைத்தான் சொல்வார்: "இந்தப் புள்ளதான் எனக்கு எங்கட ஊட்டு வாசல்ல கதிர போட்டுத் தந்தது." எல்லாரும் சிரிப்பார்கள். என்னைப் பாராட்டுகிறார் என்று எண்ணி, நானும் எத்தனையோ வருடம் வெட்கத்தோடு தலையைக் குனிந்து நின்றிருக்கிறேன்.