ஒரு சோடி மேசு, இரண்டு கெண்டைக்கால்

நானும் மச்சாளும் காங்கேசன்துறைக் கடற்கரை வீதியில் ஓடத் தொடங்கிய புதிதில், பஸ்ஸைத் தவறவிட்டு ஓடுகிறோம் என்றே பலர் நினைத்தார்கள். ஒரு ஓட்டோக்காரர் பக்கத்தில் நிறுத்தி, "ஏறுங்கோ அக்கா, முன்னுக்குப் போய்ப் பஸ்ஸைப் பிடிச்சுத் தாறன்" என்றார்.

மச்சாள் என் கணவரின் தங்கை. தெல்லிப்பழையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறாள். எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருப்பதால் நடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு, "நடந்தா வழியிலை ஆரோடையும் கதைச்சுக்கொண்டு நிண்டிடுவியள். ஓடுவம்" என்றது அவள்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கீரிமலை வரைக்குமான பெண்கள் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் ஆசை தலைக்கேறியது. ஒரே கிழமையில் தூரத்தை இரண்டு மடங்காக்கினோம். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் எனக்கு இடது கெண்டைச்சதை கயிறு முறுக்கியதுபோல் இழுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் வலது காலை இழுத்து இழுத்துக் கோழிக்குத் தீன் போட்டாள். பூச நல்லெண்ணெய் காய்ச்சினேன். என்ன பொரிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு கணவர் குசினிக்குள் வந்தார்.

அந்த நேரம் கனடாவிலிருந்து என் தம்பி விடுமுறையில் வந்து நின்றான். அவனும் ஓடுகிறவன். நாங்கள் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து, சப்பாத்துக்குள் போடும் புதுச் சோடி மேசு ஒன்றை எடுத்துத் தந்தான். முழங்கால் வரை வரும், செம்மஞ்சள் நிற மேசு.

"உது கெண்டையை இறுக்கிப் பிடிக்கும் அக்கா. ஓடேக்கை சதை குலுங்காது."

பிடித்தது உண்மைதான். ஆனால் காலில் ஏற்றுவதுதான் பெரும் பாடு. மச்சாள் கட்டிலில் மல்லாந்து காலைத் தூக்கிப் பிடிக்க, நான் சுவரில் ஒரு கால் ஊன்றி இழுத்தேன். ஏறி முடிந்ததும் எழுந்து நாலு அடி நடந்து பார்த்தாள்.

"நல்ல சுகமாக் கிடக்கு மச்சாள். கழட்ட மனமில்லை."

"அப்ப எனக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு நோகிறது வலது. உங்களுக்கு இடது. ஆளுக்கு ஒண்டு போடுவம்."

அப்படியே ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கே பிசியோதெரபி பார்க்கும் இயன்மருத்துவர் ஒரு இளம்பெண். எங்கள் கால்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்த பிறகு, எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்று கேட்டாள். சொன்னோம்.

"மேசு போடுங்கோ, இதமா இருக்கும். ஆனா நோவை மாத்திறது அது இல்லை. நீங்கள் திடீரெண்டு தூரத்தைக் கூட்டிப்போட்டியள். கொஞ்ச நாள் ஆறி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கோ, கெண்டை பலப்படும்."

அதன் பிறகு புட்டு அவியும் நேரமெல்லாம் அடுப்படியில் குதிக்கால் தூக்கினேன். வேலிக்கு மேலால் மச்சாளின் தலை எழும்பி எழும்பித் தாழ்வது தெரியும். சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் கால் தடுமாறும். ஆனாலும் இரண்டு பேருக்கும் நோ மெல்லக் குறைந்தது.

ஓட்டத்தன்றும் ஆளுக்கொரு காலில் செம்மஞ்சள் மேசு பளிச்சென்று தெரிந்தது. வீதியோரம் சைக்கிளோடு நின்ற ஒரு ஐயா கவலையோடு கேட்டார்: "என்ன பிள்ளையள், ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்திலை கால் முறிஞ்சதோ?"

"ஓம் ஐயா, குணப்படுத்தத்தான் ஓடுறம்" என்றாள் மச்சாள்.

சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கி, பின்தங்கிவிட்டேன். அவள் முன்னால் போய் முடிவுக் கோட்டைத் தாண்டியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தாண்டியவள் நிற்கவில்லை. திரும்பி என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"ஏனடி வந்தனீ?"

"தனிய நிண்டு என்ன செய்யிறது? கதைக்க ஆளில்லை."

இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினோம். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. கைதட்ட இருந்தவர்கள் எல்லாரும் எங்களுக்காகவே தட்டினார்கள். பிறகு கீரிமலைக் கேணியில் பெண்கள் பக்கம் போய், கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நின்று, அவள் பார்த்து வைத்திருந்த அடுத்த ஓட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.