குளிர்ப்பெட்டியில் முதல் இறால்

யுத்தம் முடிந்து வாவியில் தடையில்லாமல் வலை போட விட்ட வருடம், வெயிலில் இறாலின் தலை கறுக்காமலிருக்க, நானும் மச்சானும் தோணிக்கு பற்றரியில் வேலை செய்யும் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கினோம். இரண்டு பேர் தூக்கக்கூடியதாகப் பார்த்துத் தெரிவு செய்தோம். அதன் குமிழில் துளி ஒன்றும் பனிப்பூ ஒன்றும் வரைந்திருந்தது. எது எதற்கென்று கடைக்காரரிடம் கேட்க வெட்கப்பட்டு, பனிப்பூப் பக்கம் திருப்பிவிட்டேன்.

பெட்டியோடு போன முதல் தடவை, அன்று விடியப் பிடித்த இறாலோடு மத்தியானம் ஏறாவூர்க் கரைக்கு வந்தோம். எங்களிடம் வழக்கமாக வாங்கும் முஸ்லிம் வியாபாரியை நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; ஐஸில் கிடந்தது பழசு என்று அவர் தொடவே மாட்டார்.

மூடியைத் திறந்தேன். இறால் முழுவதும் ஒரே கட்டியாக உறைந்திருந்தது. காக்கா விரலால் தட்டிப் பார்த்தார்.

“இதென்ன தம்பி, வீடு கட்டவா கொண்டுவந்த?”

“விடியப் பிடிச்சது காக்கா, சத்தியமா!” என்றான் மச்சான்.

“நீ எதுக்குத்தான் சத்தியம் பண்ணல்ல? அவர் சொல்லட்டும்” என்று என்னைக் காட்டினார் காக்கா.

நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதிர்ச்சியில் எனக்கு நாக்கே அசையவில்லை. கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சற்றுநேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த தோணிக்குப் போய்விட்டார்.