மாஞ்சோலை பஸ் டிரைவரின் வலது கால்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவர், மாஞ்சோலை பஸ் ஓட்டிய பெரிய மீசைக்காரர். திடுக்கிட்டால் அவர் வலது கால் கட்டில் கம்பியைப் பிரேக்காக நினைத்து மிதிக்கும். மலைப்பாதை கொடுத்த பழக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்காக அவருடைய விரைகளை முன்பே எடுத்திருந்தார்கள். அன்று காலை டாக்டர் சொன்னார்: "செல்லுக்குள்ள ஒரு புரதம், வளரச் சொல்லி மரபணுக்களை ஏவுது. ஆண் ஹார்மோன்தான் அதுக்குச் சாவி. சாவியைப் பிடுங்கினோம், நின்னுச்சு. இப்போ சாவி இல்லாமலே ஓடுது. நோய் முதுகெலும்புக்குப் பரவி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது."

"சாவி இல்லாமலா?" அவர் திடுக்கிட்டார். என் பக்கம் திரும்பினார். "கேட்டீயளா அண்ணாச்சி? நானும் மிதிச்சிக்கிட்டேதான் இருக்கேன்."

நான் கம்பியைப் பார்த்தேன். கால் அதைத் தொடவே இல்லை, அசையாமல் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.