சத்தம் போடாத தொட்டி

லிப்ட் மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். மனைவி பக்கவாதத்தில் படுத்தபிறகு அந்த வாய் வீட்டுக்குள் மட்டும் அடங்கிப்போனது. அவளுக்கு வலப்பக்கமும் போயிற்று, பேச்சும் போயிற்று. கட்டிலுக்கு எதிரே இருந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டிதான் அவளுக்கு மிச்சம். இரண்டு கோமாளி மீன்களும் போகிற பக்கமெல்லாம் அவள் கண்ணும் போகும்.

தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாக அடிப்பெட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பட்டதும் பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். இறங்கும்போது களக் களக்கென்று ஓயாத இரைச்சல். அவள் முகம் சுளிப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பாழாய்ப்போன குழாய்! படுத்துக் கிடப்பவளுக்கு இந்தத் தலைவேதனை வேறா?

"குழாய்ல வால்வு மாட்டிக் கொஞ்சம் மூடி வெச்சா சத்தம் நின்னுடும்ண்ணே" என்றார் மீன் கடைக்காரர். "ஆனா அது அடைச்சுக்கிட்டா தண்ணி போகணும்ல? பத்திரத்துக்கு இன்னொரு குழாய் கட்டாயம் வெச்சிருங்க."

"லிப்டுக்கே பிரேக் போடுறவன்கிட்ட பாடம் நடத்துறியா?" என்று சிரித்துவிட்டு வால்வை மட்டும் வாங்கிவந்தார். இன்னொரு குழாயை அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. மாட்டியதும் வீடே நிசப்தமானது. அவள் முகம் தெளிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே, பக்கத்து வீட்டக்கா மதியச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போனபிறகு, தொட்டி நத்தை ஒன்று வால்வில் சிக்கிக்கொண்டது. இறங்க வழியில்லாத தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டியது. அடிப்பெட்டி வற்றி, பம்ப் கருகி நின்றது.

சாயங்காலம் அவர் கதவைத் திறந்தபோது மீன்கள் செத்து மிதந்தன. கட்டிலில் அவளைக் காணோம். மாதக்கணக்காகப் புரளக்கூட முடியாதவள் கீழே விழுந்து, ஈரத்தில் ஊர்ந்து, தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் குப்புறக் கிடந்தாள். நீட்டிய இடக்கையில் நகம் பெயர்ந்திருந்தது.

அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டக்கா ஓடிவந்தார். "ஐயையோ! முன்னல்லாம் அந்தச் சத்தம் நின்னாலே என்னாச்சுன்னு எட்டிப் பார்ப்பேனே. இப்பதான் எப்பவுமே சத்தமில்லையே தம்பி!"

மனைவியை வாரி மடியில் போட்டுக்கொண்டார். உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு இருந்தது. பதற்றத்தில் அவருக்கு என்ன பேசுகிறோமென்றே தெரியவில்லை.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாடி?" என்று கத்தினார்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. அப்போதுதான், யாரிடம் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.